ஓடுகிறது சரி, நிற்கிறதா?

பழைய ஜீப் ஒன்றை வாங்கி வீட்டிலேயே பிரித்துச் சரிசெய்கிறேன் என்று யாராவது சொன்னால், எஞ்சின் என்ன, டயர் என்ன என்று நான் கேட்பதில்லை. பிரேக் வேலை முடிந்ததா என்றுதான் கேட்பேன். பெரும்பாலும் ஒரு சிரிப்புதான் பதிலாக வரும். "அதைக் கடைசியில பார்த்துக்கலாம் சார்" என்பார்கள். அந்தக் கடைசி வருவதற்குள் கையிலிருக்கும் பணம் பெயின்ட்டிலும் பம்பரிலும் டயரிலும் கரைந்துவிடும். பிரேக், ஸ்டியரிங், ஒயரிங் இந்த மூன்றுக்கும் முதலில் செலவு செய்துவிட்டு, மிச்சமிருந்தால் மற்றதைப் பார்ப்பது என்பது என் கட்சி. எங்கள் வீட்டில் இந்தக் கட்சிக்கு ஒரே ஓட்டுதான், அது என்னுடையது.

வண்டி 1989 மாடல் மகிந்திரா எம்.எம்.540. பாகூர் பக்கம் நிலத்தைப் பார்த்து வர என் தங்கை கணவர் வைத்திருந்தது. அவர் காலமான பிறகு மாட்டுக் கொட்டகை ஓரமாகச் சில வருடம் நின்றுவிட்டது. தங்கை மகன் அதை இழுத்து வந்து எங்கள் வீட்டுத் தோட்டத்தில் நிறுத்தினான். அதன் பிறகு இரண்டு வருடம், ஞாயிறு தவறாமல் வேலை நடந்தது. கைவேலை எல்லாம் அவனுடையது. ஸ்பேனர் எடுத்துக் கொடுப்பதும், பிரித்த நட்டு போல்ட்டுகளை டப்பாவில் போட்டுச் சீட்டு ஒட்டுவதும், கணக்கு எழுதுவதும் என்னுடையது. கோப்புகளோடு குடும்பம் நடத்தியவனுக்கு அது ஒன்றும் சிரமமில்லை.

இந்த வண்டிக்கும் நம்மூருக்கும் ஒரு சம்பந்தம் உண்டு. அதில் இருப்பது பெஜோ டீசல் எஞ்சின். நம் மெக்கானிக்குகள் வாயில் அது பியூஜியட். எக்ஸ்.டி.பி. 4.90 என்று அதற்குப் பெயர். நாலு சிலிண்டர், 90 மில்லிமீட்டர் விட்டம், அவ்வளவுதான் அந்தப் பெயரின் ரகசியம். 2112 சி.சி., 62 குதிரைசக்தி. இதே குடும்பத்து எஞ்சின்தான் பெஜோ 504 டீசல் காரிலும் ஓடியது. ஜிபூத்தியிலும் தக்காரிலும் வேலை பார்த்துவிட்டு வந்த நம் சொல்தாக்களைக் கேட்டால் 504 பற்றி அரைமணி நேரம் பேசுவார்கள். பிரான்சிலிருக்கும் உறவினர் ஒருவர் 504 டீசலுக்கான 'ரெவ்யூ தெக்னிக்' கையேட்டின் பிரதியை அனுப்பி வைத்தார். பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சில் படித்தது பென்ஷன் காலத்தில் ஜீப்புக்கு உதவும் என்று அன்றைக்கு யார் நினைத்தார்கள்? நாம் ஹீட்டர் பிளக் என்பதை அவர்கள் பூஜி என்கிறார்கள். பூஜி என்றால் மெழுகுவர்த்தி. "மாமா, ரெண்டாவது மெழுகுவர்த்தி எரியல" என்று மருமகன் கத்துவதைக் கேட்டுப் பக்கத்து வீட்டம்மா, கரண்ட் போயிற்றா என்று விசாரித்தார்.

வேலை தொடங்குமுன் இருவரும் ஆளுக்கொரு பட்டியல் போட்டோம். அவன் பட்டியலில் முதல் வரி, பெஜோவைத் தூக்கிவிட்டு நூறு குதிரைசக்திக்கு மேலுள்ள புது ரக டீசல் எஞ்சின். அடுத்தது 31 அங்குல டயர். பிறகு இரும்பு பம்பர், கூரை மேல் விளக்கு வரிசை. என் பட்டியலில் முதல் வரி, மாஸ்டர் சிலிண்டர். அவன் படித்துவிட்டு, "மாமா, இது ஆஸ்பத்திரி சீட்டு மாதிரி இருக்கு" என்றான்.

பிரித்துப் பார்த்ததும் பேச்சு அடங்கியது. நாலு சக்கரத்திலும் டிரம் பிரேக். மூன்று வீல் சிலிண்டரில் பிஸ்டன் துருப்பிடித்து இறுகிக் கிடந்தது. அதாவது நாலாவது ஒன்றுதான் ஏதோ வேலை செய்திருக்கிறது. சேசிஸ் ஓரமாகப் போகும் பிரேக் பைப்பைப் பிடித்திருந்த கிளிப்பைக் கழற்றினால், கிளிப்புக்கு அடியில் பைப் பாதியாகத் தேய்ந்திருந்தது. வெளியே தெரியும் இடமெல்லாம் நன்றாகவே இருந்தது. கடற்காற்று ஊரில் துரு எப்போதும் மறைவில்தான் குடியிருக்கும். ரப்பர் ஹோஸ் இன்னும் மோசம். வெளியே முழுசாக இருந்தாலும் உள்ளே உப்பி அடைத்துக்கொள்ளும். மிதித்தால் ஆயில் போகும், விட்டால் திரும்பாது. வண்டி ஒரு பக்கமாக இழுக்கிறது என்று அலைன்மென்ட்டுக்கு அலைகிறவர்கள் முதலில் இந்த ஹோஸைப் பார்க்க வேண்டும்.

பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும் குணமுள்ளது. அந்த ஈரம் பைப்பையும் சிலிண்டரையும் உள்ளிருந்தே அரிக்கும். இறக்கத்தில் பிரேக் சூடாகும்போது ஆவியாகி, பெடல் பஞ்சு போல உள்ளே போகும். ஆகவே ஆயில் குறையவில்லையே என்று வருடக்கணக்கில் விட்டுவைக்கக் கூடாது. இரண்டு வருடத்துக்கொரு முறை முழுதாக மாற்றிவிடுவது நல்லது.

பழைய ஜீப்புகள் பலவற்றில் ஒற்றை அறை மாஸ்டர் சிலிண்டர் இருக்கும். எங்கள் வண்டியில் யாரோ எப்போதோ மாட்டியிருந்ததும் அதுதான். அதில் எங்காவது ஒரு பைப் வெடித்தால் நாலு சக்கரத்துக்கும் பிரேக் இல்லை. இரட்டை அறை உள்ளதைப் போட்டால், முன்பக்கம் போனாலும் பின்பக்கம் மிஞ்சும். மேம்படுத்துவது என்று ஆயிரம் பேசுகிறார்களே, என்னைக் கேட்டால் இதுதான் அந்தப் பெயருக்குத் தகுதியான முதல் வேலை. பூஸ்டர் போடுவது அதற்கடுத்தது. பெட்ரோல் வண்டியில் எஞ்சின் இழுக்கும் காற்றிலிருந்தே பூஸ்டருக்கு வேண்டிய வெற்றிடம் கிடைத்துவிடும். டீசலில் அது கிடையாது. தனியாக ஒரு வேக்குவம் பம்ப் வேண்டும். இதைத் தெரிந்துகொள்ளாமல் பூஸ்டரை மட்டும் வாங்கி வந்து மாட்டிவிட்டு, பெடல் முன்னைவிடக் கல்லாக இருக்கிறதே என்று முழித்தவர்கள் உண்டு.

டிரம்களை லேத்தில் கடைந்தோம். டிரம் எவ்வளவு தூரம் கடையலாம் என்பதற்கு ஓர் எல்லை உண்டு. அதைத் தாண்டினால் மெலிந்து சூட்டில் விரியும், அப்போது புதுசு வாங்குவதுதான் வழி. இன்னொன்று, பழைய லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். டிரம்மைக் கழற்றியதும் வாயால் ஊதுவதும், காற்று பிடித்துத் தூசியைப் பறக்கவிடுவதும் நம் பட்டறைகளின் வழக்கம். ஈரத்துணியால் துடைத்தெடுத்துக் கட்டிப் போடுங்கள். நம் வயதுக்காரர்கள் நுரையீரலில் புதிதாக எதையும் சேர்க்க வேண்டாம்.

கடைசியில் காற்று எடுக்கும் வேலை. இது ஓர் ஆளால் ஆகாது. தூரத்துச் சக்கரத்தில் தொடங்கி ஒவ்வொன்றாக வர வேண்டும். அவன் வண்டிக்கடியில் படுத்துக்கொண்டு "மிதிங்க, பிடிங்க, விடுங்க" என்பான், நான் மிதித்துப் பிடித்து விடுவேன். ஒரு சாயங்காலம் முழுக்க இதுதான். முழங்கால் வலி நாலு நாள் இருந்தது. ஆனால் பெடல் பாதியில் கெட்டியாக நின்றபோது வந்த திருப்தி பெயின்ட் அடித்த அன்றைக்குக்கூட வரவில்லை.

ஸ்டியரிங் ஆட்டத்துக்கு கிங்பின், டை ராட் முனைகள் எல்லாம் மாற்றினோம். சாமான் பாதி இங்கேயே கிடைத்தது, மீதிக்குச் சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு. ஒயரிங்கைப் பழையபடி முடிச்சுப் போடாமல் முழுதாகப் புதுசாக இழுத்தோம். ஹெட்லைட்டுக்கு ரிலே வைத்தோம். இரண்டு 55 வாட் பல்பும் சேர்ந்து 9 ஆம்பியர் இழுக்கும். அது முப்பது வருடத்து சுவிட்ச் வழியாகப் போனால் சுவிட்ச் சுடும், வெளிச்சம் மங்கும். ரிலே வைத்த பிறகு அதே பல்பு இரட்டிப்பாகத் தெரிகிறது என்று அவனே சொன்னான். கூரை விளக்குப் பேச்சு அன்றோடு நின்றது.

எஞ்சினும் டயரும் மட்டும் நிற்கவில்லை. ஆகவே அதைப் பற்றிக் கொஞ்சம். வேகம் இரட்டிப்பானால் பிரேக் பிடித்து நிற்கும் தூரம் நாலு மடங்காகும். மணிக்கு 40 கிலோமீட்டரிலிருந்து 60 ஆனாலே இரண்டேகால் மடங்கு. 62 குதிரைசக்திக்கென்று செய்த சேசிஸ், அதற்கென்று செய்த டிரம், அதற்கென்று செய்த ஸ்பிரிங் பட்டை. அதில் நூறு குதிரைசக்தியை ஏற்றிவிட்டால் வண்டி வேகமாக ஓடும் என்பதில் சந்தேகமில்லை. மற்ற எதுவும் மாறவில்லையே! பெரிய டயரும் அப்படித்தான். எங்கள் வண்டிக்கு உரியது 6.00-16. அதற்குப் பதில் 31 அங்குலம் போட்டால் கனம் கூடும், பிரேக்குக்கு வேலை கூடும், மேட்டில் இழுவை குறையும். மீட்டரில் 60 காட்டும்போது உண்மையில் 65 போய்க்கொண்டிருக்கும். இழுவை குறைந்துவிட்டது என்று பிறகு எஞ்சினை மாற்றத் தோன்றும். கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை.

இதில் சட்டமும் என் பக்கம்தான். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவின்படி, தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்டதிலிருந்து ஆர்.சி. விவரங்கள் மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் கேரள வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதியாகச் சொல்லிவிட்டது. இருந்தும் சாலையில் பார்க்கிறோமே என்பான் மருமகன். பார்க்கிறோம். விபத்து என்று வந்து இன்சூரன்ஸ்காரர் ஆர்.சி.யையும் எஞ்சினையும் ஒப்பிட்டுப் பார்க்கும் நாளில் அந்தப் பேச்சு எடுபடாது.

சட்டத்தோடு எனக்குச் சண்டையே இல்லை என்றும் சொல்ல முடியாது. பதினைந்து வருடம் கழிந்த சொந்த வண்டியைச் சோதனை செய்து ஐந்தைந்து வருடமாகப் புதுப்பித்துத் தருகிறார்கள். கார், ஜீப்புக்கு 600 ரூபாயாக இருந்த கட்டணம் 2022 ஏப்ரலில் 5000 ஆயிற்று. இருபது வருடம் தாண்டியவற்றுக்கு 2025இல் 10,000 ஆக்கிவிட்டார்கள். ஐம்பது வருடம் தாண்டிவிட்டாலோ 'விண்டேஜ்' என்று தனி மரியாதை, தனி நம்பர். இடையில் நிற்கும் எங்கள் ஜீப் மாதிரியானவை கிழவனும் இல்லை, குமரனும் இல்லை. கட்டணத்தை வாங்கட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. அந்தப் பணத்துக்கு ஈடாக ஒழுங்கான பிரேக் சோதனை செய்யட்டும் என்கிறேன். உருளை மேல் சக்கரத்தை நிறுத்தி இடது எவ்வளவு, வலது எவ்வளவு என்று அளக்கும் இயந்திரம் இருக்கிறது. அதைவிட்டு ஹாரன் அடிக்கச் சொல்லி, விளக்கைப் போடச் சொல்லி, சேசிஸ் நம்பரைப் பென்சிலால் தேய்த்தெடுத்துக்கொண்டு அனுப்பினால், துருப்பிடித்த வீல் சிலிண்டர் யார் கண்ணில் படும்? பிரேக் செத்த பன்னிரண்டு வருட வண்டிக்கு ஒரு கேள்வியும் இல்லை, நன்றாக வைத்திருக்கும் முப்பத்தைந்து வருட வண்டிக்குக் கட்டணம் மட்டும் ஏறுகிறது. வயதை வைத்து ஆளை எடைபோடுவது எனக்குப் பிடிக்காததற்கு வேறு காரணமும் இருக்கலாம், அது போகட்டும்.

புகை விஷயத்தில் மட்டும் பழைய வண்டிக்குச் சலுகை கேட்க மாட்டேன். இந்த எஞ்சின் பிறந்தபோது நம் நாட்டில் டீசலுக்கு மாசுக் கட்டுப்பாட்டு அளவுகோலே வரவில்லை. நாசிலைச் சோதித்து, பம்பை சர்வீஸ் செய்து, ஏர் ஃபில்டரை மாற்றினால் கரும்புகை பெருமளவு குறையும். சுத்தமாக நின்றுவிடாது. ஆகவே அதைத் தினம் காய்கறி வாங்க எடுத்துக்கொண்டு நகருக்குள் சுற்றுவதை நான் அனுமதிப்பதில்லை. மாதம் இரண்டு முறை பாகூர் போய் வந்தால் போதும்.

அப்படிப் போகும்போதுதான் என் மனத்தில் ஒரு முள் உறுத்துகிறது. முன் இருக்கைகளுக்கு மூன்று முனை பெல்ட் போட்டாயிற்று. வெறும் தகட்டில் ஓட்டை போட்டு மாட்டினால் அடிபடும்போது தகட்டோடு பிய்த்துக்கொண்டு வரும் என்பதால், அடியில் கனமான பட்டைத் தகடு வைத்து முடுக்கியிருக்கிறோம். பின்னால் இருப்பதோ பழைய ஜீப்புகளின் பக்கவாட்டு பெஞ்சு. மருமகனின் இரண்டு பிள்ளைகளும் அதில்தான் எதிரும் புதிருமாக உட்கார்ந்து விளையாடிக்கொண்டு வருகிறார்கள். ஒன்றுக்கு ஒன்பது வயது, இன்னொன்றுக்கு ஆறு. பெல்ட் கிடையாது. பக்கவாட்டில் உட்கார்ந்தவருக்குப் பெல்ட் போட்டாலும் அதிகப் பயனில்லை, ஏனென்றால் வண்டி மோதும்போது உடம்பு முன்பக்கமாகத்தான் பறக்கும். பெஞ்சை எடுத்துவிட்டு, முன்பார்த்த மாதிரி இரண்டு இருக்கை வைத்து பெல்ட் போட வேண்டும். ஆனால் ஆர்.சி.யில் இத்தனை பேர் உட்காரலாம் என்று எழுதியிருக்கிறதே, அதைக் குறைக்க முறைப்படி அனுமதி வாங்க வேண்டும். நூறு குதிரைசக்தியைத் தடுக்கிற அதே சட்டம் குழந்தைக்கு பெல்ட் போடுவதற்கும் மனு எழுத வைக்கிறது. பாதுகாப்புக்கென்று செய்யும் மாற்றங்களுக்கு, சோதித்துப் பார்த்து உடனே பதிந்து தரும் எளிய வழி ஒன்றைத் தனியாக வைத்தால் என்ன? அதிகாரிகளுக்கும் இது ஒரு பக்க வேலைதான்.

மனுவை நானே எழுதிவிட்டேன். முப்பது வருடம் அடுத்தவர் மனுக்களைப் படித்தவன், எங்கே திருப்பி அனுப்புவார்கள் என்று தெரியும். இணைப்புகள் நாலு, எல்லாவற்றிலும் கையெழுத்து வாங்கியாயிற்று. மருமகன் போன வாரம் எங்கேயோ போய் எஞ்சின் விலை விசாரித்துவிட்டு வந்திருக்கிறான், இரண்டு லட்சத்துக்கு மேல் சொல்கிறார்களாம். பின் இருக்கை வேலை முடியும் வரை அந்தப் பேச்சே வேண்டாம், அதுவரை பிள்ளைகள் பாகூருக்கு பஸ்ஸில் வரட்டும் என்று சொல்லியிருக்கிறேன். பிள்ளைகளுக்குத்தான் என் மேல் கோபம்.