இழுப்பது இருக்கட்டும், எது நிறுத்தும்?

டிராக்டர் வாங்கப் போகிறவர் முதலில் கேட்பது, "எத்தனை எச்.பி.?" அடுத்து, "எத்தனை டன் இழுக்கும்?" இழுத்து வந்த சுமையை எது நிறுத்தும் என்று கேட்டவரை நான் இதுவரை பார்க்கவில்லை. என் அபிப்பிராயத்தில் அதுதான் முதல் கேள்வியாக இருக்க வேண்டும்.

அமெரிக்காவில் பிக்கப் வண்டியின் பின்னால் டிரெய்லரைக் கட்டி இழுக்கிறார்கள். நம் பக்கத்தில் பிக்கப் தன் முதுகிலேயே சுமக்கிறது. ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்குத் தக்காளியும் முருங்கையும் அப்படித்தான் போகின்றன. செங்கல், எம்-சாண்ட், வைக்கோல், தண்ணீர் டேங்கர் என்றால் டிராக்டர்தான். தானே சுமை ஏற்றுவதற்காகக் கட்டப்படாத வண்டி என்றுதான் 1988-ஆம் வருட மோட்டார் வாகனச் சட்டமே டிராக்டரை வரையறுக்கிறது. ஆகவே பாரம் முழுவதும் பின்னால்தான்.

குமாஸ்தா வேலை பார்த்தவனுக்குக் கூட்டிப் பார்க்கும் பழக்கம் போகாது. 45 எச்.பி. டிராக்டரின் எடை சுமார் 2 டன். செங்கல் ஒன்று 3 கிலோ என்று வைத்தால் 2,000 கல் 6 டன். 5,000 லிட்டர் டேங்கரில் தண்ணீர் மட்டும் 5 டன். இரும்புத் தொட்டியின் எடை தனி. பாதி நிரம்பிய தொட்டி என்றால் தண்ணீர் முன்னும் பின்னும் அலையடித்து வண்டியையே ஆட்டும். இழுக்கிறவனைவிட இழுபடுகிறவன் மூன்று மடங்கு கனம்!

நிறுத்துவதற்கு என்ன இருக்கிறது? பெரும்பாலான டிராக்டர்களில் பின் சக்கரங்களுக்கு மட்டும்தான் பிரேக். உள்ளூர்ப் பட்டறையில் செய்த டிரெய்லர் பலவற்றில் பிரேக்கே கிடையாது. மேட்டில் ஏறுவதற்கு எச்.பி. உதவும். இறக்கத்தில் 6 டன் சுமை பின்னாலிருந்து தள்ளும்போது அதனால் ஒன்றும் ஆகாது. அவசரத்தில் பிரேக்கை மிதித்தால் டிரெய்லர் டிராக்டரின் பின்பக்கத்தைப் பக்கவாட்டில் தள்ளிக் கத்தியை மடக்குவது போல மடக்கிவிடும். தருமத்துப்பட்டியிலிருந்து பன்றிமலை, ஆடலூர் போகும் மலைச்சாலையில் அப்படி நடந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. அந்தக் காலத்து மாட்டு வண்டிக்குக்கூடச் சக்கரத்தை உரசி நிறுத்த ஒரு கட்டை இருந்தது.

என் தங்கை மகன் டிராக்டர் வாங்கப் போகும்போது, "மாமா, எதைப் பார்த்து வாங்கட்டும்?" என்று கேட்டான். நான் எழுதிக் கொடுத்தது இதுதான்:

எண்ணெயில் மூழ்கிய பிரேக் உள்ள வண்டியாகப் பார். அதில் தண்ணீரும் சேறும் புகாது, தேய்மானமும் குறைவு. வயலில் திரும்புவதற்காக இடது வலது பிரேக் தனித்தனியாக இருக்கும். ரோட்டுக்கு வந்ததும் இரண்டையும் கொண்டி போட்டுச் சேர்த்துவிடு. இல்லாவிட்டால் ஒரு சக்கரம் மட்டும் நின்று வண்டி ஒரு பக்கமாக இழுத்துக் கவிழும். டிரெய்லரைத் தாழ்வாக உள்ள கொக்கியில் மாட்டு. உயரத்தில் மாட்டினால் மேட்டில் முன் சக்கரம் தூக்கும். பின்னுக்குப் பூட்டு ஊசியும், கூடவே ஒரு சங்கிலியும் போடு. இரண்டு சக்கர டிரெய்லரில் பாரம் அச்சுக்குச் சற்று முன்னால் இருக்கட்டும். எந்த கியரில் ஏறினாயோ அதே கியரில் இறங்கு. டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் விடாதே, கிளட்சையும் மிதிக்காதே. எல்லாவற்றுக்கும் மேலாக, டிரெய்லருக்குத் தனி பிரேக் வைக்கச் சொல்லு.

காரைக்காலில் பிரெஞ்சு வழியில் படித்த எனக்கு, உறவுக்காரர்கள் சிலர் பிரான்ஸில் இருக்கிறார்கள். அங்கே டிரெய்லரை 'ரெமோர்க்' என்பார்கள். அதன் மொத்த எடை 750 கிலோவைத் தாண்டினால் அதற்கென்று தனி பிரேக் இருந்தாக வேண்டும். வண்டியும் அப்படிப்பட்ட ரெமோர்க்கும் சேர்ந்து 3,500 கிலோவுக்கு மேல் போனால் சாதாரண கார் லைசென்ஸ் மட்டும் போதாது. 750 கிலோவுக்கே அங்கே அவ்வளவு கவனம். நாம் 6 டன்னைக் கட்டிக்கொண்டு ஒற்றைக் கையால் ஸ்டியரிங் பிடித்து, மறு கையில் செல்போன் பேசுகிறோம்.

இங்கே சட்டம் இல்லாமல் இல்லை. 2019 திருத்தத்துக்குப் பிறகு, அதிக பாரம் ஏற்றினால் 20,000 ரூபாய் அபராதம். கூடுதலாக உள்ள ஒவ்வொரு டன்னுக்கும் மேலும் 2,000. மயிலிறகே ஆனாலும் அளவு மீறி ஏற்றினால் அச்சு முறியும் என்றார் வள்ளுவர். இப்போது அச்சு பலமாகிவிட்டது. ரோட்டில் நடக்கிறவன் முதுகுதான் முறிகிறது.

"விவசாயிக்கு இன்னும் ஒரு செலவா?" என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். வருமானம் குறைந்தவனின் கஷ்டம் எனக்கும் தெரியும். ஆனால் டிரெய்லரே புதிதாகச் செய்கிறபோது பிரேக்கையும் சேர்த்துச் செய்வது, ஒரு விபத்துக்குப் பின் கோர்ட்டுக்கு அலைவதைவிடச் சுலபம். "மெதுவாகத்தானே போகிறோம்" என்பது இன்னொரு பதில். இறக்கத்தில் வேகத்தை முடிவு செய்வது டிரைவரல்ல, பாரம்.

தை மாதம் வந்தால் திண்டுக்கல்லிலிருந்து ஒட்டன்சத்திரம் வழியாகப் பழநிக்கு ராத்திரி முழுவதும் ஜனங்கள் நடக்கிறார்கள். குழந்தைகள், என் வயதுக்காரர்கள், காலில் செருப்பு இல்லாதவர்கள். இருட்டில் வண்டிக்காரருக்குத் தெரியட்டும் என்று அவர்கள் பையில் ஒளிரும் ஸ்டிக்கர் ஒட்டுகிறார்கள். அதே ரோட்டில் பின் விளக்கும் இல்லாமல், சிவப்பு ஸ்டிக்கரும் இல்லாமல் டிரெய்லர்கள் போகின்றன.

டிரெய்லருக்குத் தகுதிச் சான்று கொடுக்கும்போது காகிதத்தை மட்டும் பார்க்காமல், பாரம் ஏற்றி, பிரேக் போட்டு நிற்கிறதா என்று பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். அதுவரை நம் வீட்டுப் பிள்ளைகளிடமாவது நாம் சொல்லி வைப்போம். இந்தத் தைப்பூசத்துக்கு முன்பே அவரவர் டிரெய்லரின் பிரேக்கையும் பின் விளக்கையும் ஒருமுறை பார்த்துவிடச் சொல்லுங்கள்.