ஜீரோவில் தொடங்கி 10,000 டாலர்... ‘ஜீசஸ்’ ஃபெர்குசன் போட்ட விதிகளும், போட மறந்த ஒரு விதியும்!

ஒரே போட்டியில் 15 லட்சம் டாலர் ஜெயித்த ஒருவர், ஓரிரு டாலர் பரிசுக்காக மணிக்கணக்கில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருப்பாரா? கிறிஸ் ஃபெர்குசன் உட்கார்ந்தார்.

2000-ம் ஆண்டு லாஸ் வேகாஸில் நடந்த ‘வேர்ல்ட் சீரிஸ் ஆஃப் போக்கர்’ மெயின் ஈவென்ட்டின் சாம்பியன் அவர். நீண்ட தலைமுடியும் தாடியும் வாங்கிக்கொடுத்த பட்டப்பெயர், ‘ஜீசஸ்’. சூதாட்ட மேஜைக்கு வந்த ஆள் என்றாலும் வீட்டில் மணந்தது கணக்கு வாசனைதான். அப்பா கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலிஸ் வளாகத்தில் கணிதப் பேராசிரியர். மகன் அதே வளாகத்தில் கம்ப்யூட்டர் சயின்ஸில் டாக்டர் பட்டம் வாங்கியவர்.

2006-ல் அவர் ஒரு சவாலைக் கையில் எடுத்தார. தான் நிறுவனர்களில் ஒருவராக இருந்த ‘ஃபுல் டில்ட் போக்கர்’ தளத்தில், சொந்தப் பணம் ஒரு சென்ட்கூடப் போடாமல் ஆரம்பித்து 10,000 டாலர் சேர்ப்பது. கட்டணமில்லாத ‘ஃப்ரீரோல்’ போட்டிகள்தான் முதல் படி. ஆயிரக்கணக்கானோர் மோதும் அந்தப் போட்டிகளில் கிடைப்பதென்னவோ டீக்காசுதான்.

இதைப் படித்துவிட்டு யாரும் ஆப் தேட வேண்டாம். ஆன்லைன் ரம்மியில் பணத்தை இழந்தவர்களின் தற்கொலைகளுக்குப் பிறகு தமிழ்நாடு அரசு 2022-ல் தடைச் சட்டம் கொண்டுவந்தது. ரம்மியும் போக்கரும் திறமை விளையாட்டுகள் என்று சொல்லி, அவற்றுக்கான தடையை மட்டும் 2023-ல் சென்னை உயர் நீதிமன்றம் நீக்கியது. திறமையா, அதிர்ஷ்டமா என்ற அந்தக் கேள்வியையே ஓரமாக வைத்துவிட்டு, பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுகள் எல்லாவற்றையும் தடைசெய்யும் மத்தியச் சட்டம் 2025 ஆகஸ்ட்டில் வந்தது. ஆனால், ஃபெர்குசனின் கதையில் சீட்டுக்கட்டைத் தாண்டியும் விஷயம் இருக்கிறது.

ஏறும் விதி, இறங்கும் விதி

ஆட்டத்துக்கென்றே தனியாக ஒதுக்கிவைக்கும் மொத்தப் பணத்தை போக்கரில் ‘பேங்க்ரோல்’ என்பார்கள். வீட்டு வாடகையும் ஸ்கூல் ஃபீஸும் அதில் சேராது. இந்த பேங்க்ரோலுக்கு ஃபெர்குசன் மூன்று வேலி போட்டார்.

கேஷ் கேமில் ஒரு மேஜையில் உட்கார, மொத்தப் பணத்தில் 5 சதவிகிதத்துக்கு மேல் எடுக்கக் கூடாது. பலர் மோதும் டோர்னமென்ட் என்றால் 2 சதவிகிதம்தான். அங்கே பெரும்பாலானோர் வெறுங்கையோடுதான் திரும்புவார்கள் என்பதால் இந்தக் கூடுதல் கெடுபிடி. மூன்றாவது விதிதான் விநோதமானது. மேஜையில் ஜெயித்து ஜெயித்து, முன்னால் இருக்கும் சிப்ஸ் மொத்தப் பணத்தில் 10 சதவிகிதத்தைத் தாண்டிவிட்டால், அடுத்த முறை கட்டாயப் பந்தயம் தன்னிடம் வரும்போது எழுந்து போய்விட வேண்டும். கை ராசியாக இருக்கும்போதே கிளம்பச் சொல்லும் விதி! காரணம் இருக்கிறது. லிமிட் இல்லாத ஆட்டத்தில், முன்னால் இருப்பது மொத்தமும் ஒரே கையில் போய்விடலாம்.

ஒருவரிடம் 200 டாலர் இருந்தால் 10 டாலர் மேஜையில் உட்காரலாம். 400 ஆனால் 20 டாலர் மேஜை. எல்லோருக்கும் பிடித்த கணக்கு இது. 400 மறுபடி 200 ஆகும்போதுதான் சிக்கல். 20 டாலர் மேஜையில் உட்கார்ந்து பழகியவருக்கு 10 டாலர் மேஜை கௌரவக் குறைச்சல். ‘விட்ட இடத்திலேயே பிடிக்கிறேன்’ என்று அங்கேயே ஒட்டிக்கொள்வார். நன்றாக ஆடத் தெரிந்தவர்களும் ஓட்டாண்டியாவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். ஃபெர்குசனின் விதியில் ஏறுவதற்கும் இறங்குவதற்கும் ஒரே சதவிகிதம். கௌரவத்துக்கு அதில் தனிக் கணக்கு கிடையாது.

முதல் சில மாதங்கள் சேர்ப்பதும் இழப்பதுமாகவே போயின. கொஞ்சம் சேரும், மறுபடி ஜீரோ. பிறகு ஒரு டாலர் டோர்னமென்ட் ஒன்றில் இரண்டாவதாக வந்து 100 டாலர் அளவுக்கு ஜெயித்த பிறகுதான் கால் ஊன்றினார். 2007-ல் 10,000 டாலரைத் தொட்டார். மொத்தம் ஏறக்குறைய 16 மாதங்கள். உலக சாம்பியனுக்கு அது சம்பளமே இல்லை. ஆனால், விதி வேலை செய்தது.

ஜெயிக்கும் ஆட்டத்திலும் தோற்கலாம்

இந்தச் சதவிகிதக் கணக்குக்கு ஒரு தாத்தா உண்டு. அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் வேலை பார்த்த ஜான் கெல்லி, 1956-ல் எழுதிய ஆய்வுக் கட்டுரை அது. சாதகமான ஆட்டம் கிடைத்தால் கையிருப்பில் எத்தனை பங்கை வைக்கலாம் என்பதற்கு அவர் சூத்திரம் கொடுத்தார்.

ஒரு காசைச் சுண்டினால் 10-க்கு 6 முறை நீங்கள் ஜெயிப்பீர்கள் என்று வைத்துக்கொள்வோம். கட்டிய பணம் அளவுக்கு லாபம். கையில் 100 ரூபாய். ஒவ்வொரு முறையும் கையிருப்பில் 20 சதவிகிதம் கட்டினால், 6 வெற்றி, 4 தோல்விக்குப் பிறகு 122 ரூபாய் இருக்கும். அதே காசு, அதே 6 வெற்றி. ஆனால், பேராசையில் 40 சதவிகிதம் கட்டியிருந்தால்? 98 ரூபாய்கூடத் தேறாது. ஆட்டம் உங்கள் பக்கம் சாய்ந்திருந்தும் நஷ்டம்! 40 சதவிகிதத்தை இழந்தவர் பழைய இடத்துக்கு வர, மீதியை வைத்து சுமார் 67 சதவிகிதம் சம்பாதிக்க வேண்டும் என்பதுதான் இதன் சூட்சுமம். போக்கரில் கெட்டிக்காரருக்குக் கிடைக்கும் சாதகம் இந்தக் காசு அளவுக்குப் பெரியதுமில்லை, உறுதியானதுமில்லை. அதனால்தான் 20-ஐ விட்டு 5, 2 என்று இறங்குகிறார்கள்.

39 கோடி பாக்கி, 6 கோடி கையிருப்பு

2011 ஏப்ரல் 15 அன்று அமெரிக்க அரசு ஃபுல் டில்ட் உள்ளிட்ட மூன்று பெரிய போக்கர் நிறுவனங்கள்மீது பாய்ந்தது. போக்கர் உலகம் இன்றும் ‘கறுப்பு வெள்ளி’ என்று சொல்லும் நாள் அது. அந்த செப்டம்பரில் அரசுத் தரப்பு வைத்த குற்றச்சாட்டு இன்னும் பெரிய இடி. உலகம் முழுக்க உள்ள வாடிக்கையாளர்களுக்கு ஃபுல் டில்ட் தர வேண்டியது சுமார் 39 கோடி டாலர். மார்ச் இறுதியில் வங்கியில் இருந்ததோ சுமார் 6 கோடி டாலர். 2007-லிருந்து இயக்குநர்களுக்கும் உரிமையாளர்களுக்கும் போனது 44 கோடி டாலருக்கும் மேல் என்றது அரசு. பெயர் சொல்லப்பட்ட இயக்குநர்களில் ஃபெர்குசனும் ஒருவர்.

5 சதவிகித விதியை வேதமாகப் பிடித்தவர்களும் இதில் மாட்டினார்கள். ஒவ்வொரு மேஜையிலும் அவர்கள் 5 சதவிகிதத்தைத்தான் வைத்தார்கள். மீதி 95-ம் அதே தளத்தின் கணக்கில் கிடந்தது. பணம் எங்கே இருக்கிறது என்பதற்கு அந்த மூன்று விதிகளில் இடமே இல்லை.

2012-ல் போட்டி நிறுவனமான போக்கர்ஸ்டார்ஸ், அரசுடன் செய்த உடன்பாட்டில் ஃபுல் டில்ட்டைத் தன் கைக்குக் கொண்டுவந்தது. அமெரிக்காவுக்கு வெளியே இருந்தவர்களுக்கு அந்த ஆண்டு இறுதியில் பணம் கிடைத்தது. அமெரிக்கர்கள் 2014 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஃபெர்குசன், தவறு எதையும் ஒப்புக்கொள்ளாமலே 2013-ல் அரசுடன் சமரசம் செய்துகொண்டார். 2017-ல் வேர்ல்ட் சீரிஸின் அந்த ஆண்டுக்கான சிறந்த வீரர் பட்டத்தையும் ஜெயித்தார். வாடிக்கையாளர்களிடம் அவர் மன்னிப்பு கேட்ட வீடியோ வந்தது 2018-ல். ஒரு நிமிடம்கூட ஓடாத வீடியோ அது.