இரைப்புக்காரர் கையில் விளக்குமாறா?

இரைப்புக்கு மருந்து கேட்டு வரும் தாய்மார்களிடம் நான் முதலில் கேட்பது, "வீட்டை யாரும்மா கூட்டுறது?" என்பதுதான். "நான்தான் அய்யா" என்பார்கள். காலையில் ஆடாதோடை மணப்பாகு குடித்துவிட்டு, அடுத்த அரைமணியில் விளக்குமாறும் கையுமாக நின்றால் எப்படிங்க?

கள்ளக்குறிச்சியில் இப்போது டைல்ஸ் வீடுகள் பெருகிவிட்டன. தரை துடைக்கிற தண்ணீர் சுவரில் ஏறாமலிருக்க ஓரத்தில் ஸ்கர்ட்டிங் பதிக்கிறார்கள். நல்லதுதான். ஆனால் அதன் மேல்விளிம்பில் படியும் தூசி யார் கண்ணிலும் படுவதில்லை. விளக்குமாற்றால் தட்டினால் அத்தனையும் நேராக மூக்குக்குத்தான்.

வாக்குவம் கிளீனர் வைத்திருக்கிறீர்களா? அதோடு வந்த பிரஷ் முனை அட்டைப் பெட்டியிலேயே கிடக்கும், எடுத்து மாட்டுங்கள். வெறும் குழாய் இடித்தால் பெயிண்ட் உதிரும். பிரஷ் சுவரையும் காக்கும், தூசியையும் பறக்கவிடாது. ஹெப்பா வடிகட்டி உள்ளதாக இருந்தால் நல்லது, 0.3 மைக்ரான் துகளைக்கூட 99.97 சதவீதம் பிடித்துவிடும். சாதாரண மெஷின் பின்பக்கமாக நுண்தூசியை ஊதிவிடக்கூடும்.

மெஷின் இல்லையா? ஈரத்துணி போதும். கல்வராயன் மலையிலிருந்து வந்த பாட்டி ஒருவர், "தண்ணி தெளிக்காம எப்படிய்யா கூட்டுறது?" என்று என்னையே கேட்டார்!

டாக்டர் கொடுத்த இன்ஹேலரை என் மருந்துக்காக நிறுத்திவிடாதீர்கள். தூசிப் பையை மட்டும் வீட்டுக்காரர் கொட்டட்டும்.