எங்களுக்கும் ஒரு கிளப் இருக்கா அப்பா?

சனிக்கிழமை காலையில் மகனை லாம்ப்டன் பார்க்கில் உதைபந்தாட்டப் பயிற்சிக்கு விட்டுவிட்டு, மற்ற அப்பாமாரோடு ஓரமாக நின்று குளிரில் நடுங்குவது என் வாராந்தக் கடமை. ஹவுன்ஸ்லோ என்றால் தெரியும்தானே, தலைக்கு மேலே விமானம் போகும்போது பாதிக் கதை காதில் விழாது.

போன மாதம் அவனோடு விளையாடும் கிரேக்கப் பிள்ளை ஒன்று மஞ்சளும் கறுப்புமான ஜேர்சியில் வந்தான். நெஞ்சில் இரட்டைத் தலைக் கழுகு. தாத்தாவின் கிளப்பாம். வீட்டுக்கு வரும் வழியில் மகன் கேட்டான்: "அப்பா, எங்களுக்கும் ஒரு கிளப் இருக்கா?"

"இல்லையப்பன்" என்று சொல்லிவிட்டேன்.

அந்த ஜேர்சி ஏ.ஈ.கே. கழகத்தினுடையது. 1922 போருக்குப் பிறகு கொன்ஸ்தாந்தினோப்பிளை, அதாவது இன்றைய இஸ்தான்புல்லை, விட்டு ஏதென்ஸுக்கு வந்த கிரேக்கர்கள் 1924இல் தொடங்கியது. பெயரின் பொருளே 'கொன்ஸ்தாந்தினோப்பிள் விளையாட்டு ஒன்றியம்'. கழுகும் நிறமும் பைசாந்தியப் பேரரசின் நினைவு. உதைபந்து மட்டுமில்லை, கூடைப்பந்து, கைப்பந்து என்று பல பிரிவுகள். 1968இல் இவர்களின் கூடைப்பந்து அணி, ஏதென்ஸின் பழைய பளிங்கு ஒலிம்பிக் மைதானத்தில், கிட்டத்தட்ட 80,000 பேர் பார்க்க, ஸ்லாவியா பிராக் அணியை 89-82 என்று வென்று ஐரோப்பியக் கிண்ணம் ஒன்றைத் தூக்கியது. ஊரை இழந்த சனம் ஊரின் பெயரைக் கழகத்துக்கு வைத்து நூறு வருசம் தாண்டிவிட்டது.

இதை இரவு போனில் அப்பாவுக்குச் சொன்னேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "இல்லை எண்டு ஏன் பிள்ளைக்குச் சொன்னனீ? தமிழ் யூனியன் என்ன, ஆர்ட கிளப்?"

சத்தியமாக எனக்கு அது ஞாபகமே வரவில்லை.

தமிழ் யூனியன் கிரிக்கெட் அண்ட் அத்லெட்டிக் கிளப், கொழும்பு, 1899. வெள்ளைக்காரன் காலத்துக் கொழும்பில் ஒவ்வொரு சமூகத்துக்கும் ஒரு கழகம். சிங்களவருக்கு எஸ்.எஸ்.சி., பறங்கியருக்கு ஒன்று, முஸ்லிம்களுக்கு ஒன்று. எந்தப் பெட்டிக்குள்ளும் அடங்காதவர்களுக்கு 'நொன்டிஸ்கிரிப்ட்ஸ்' என்று ஒன்று. (அந்தப் பெயர் வைத்த ஆளைச் சந்தித்துக் கை குலுக்க ஆசை.)

பொரளையில் இருக்கும் தமிழ் யூனியன் மைதானம் அப்போது 'கொழும்பு ஓவல்'. அது உருவாக முன்னின்ற பாக்கியசோதி சரவணமுத்துவின் பெயரில் இன்று 'பி. சரா ஓவல்'. கொழும்பின் முதலாவது தெரிவுசெய்யப்பட்ட மேயர் இரத்தினசோதி சரவணமுத்து இவருடைய சகோதரர்.

1948 மார்ச்சில், கப்பலில் இங்கிலாந்துக்குப் போகும் வழியில் பிராட்மனின் அவுஸ்திரேலிய அணி இங்கே ஒருநாள் ஆடியது. இலங்கை அணியின் தலைவர் தமிழ் யூனியனின் மகாதேவன் சதாசிவம். அதற்கு முதல் வருடம் சென்னை சேப்பாக்கத்தில் 215 ஓட்டங்கள் குவித்துவிட்டு வந்திருந்த மனுசன். அன்றைய ஆட்டத்தில் ஒரு பகிடி நடந்தது. அளந்து பார்த்தால், ஆடுகளம் 22 யாருக்குப் பதிலாக 20 யார்தான்!

1982 பெப்ரவரி 17. இலங்கையின் முதலாவது டெஸ்ட், இங்கிலாந்துக்கு எதிராக, அதே மைதானத்தில். அப்பா அலுவலகத்தில் பொய் சொல்லி லீவு எடுத்துப் போனாராம். நாடு டெஸ்ட் உலகத்துக்குள் கால் வைத்தது தமிழ்ப் பெயர் கொண்ட ஒரு கழகத்தின் புல்லில். பதினேழு மாதம் கழித்து, அதே பொரளையில், கனத்தை மயானத்தடியில் ஜூலைக் கலவரம் தொடங்கியது. அப்பா கப்பலில் காங்கேசன்துறைக்குப் போனார். 1985இல் இலங்கை இந்தியாவை அடித்துத் தன் முதல் டெஸ்ட் வெற்றியை எடுத்ததும் அந்த ஓவலில்தான். அதை அவர் வானொலியில்தான் கேட்டார். சந்தோசப்பட்டீங்களா என்று கேட்டேன். "தெரியேல்லையடா" என்றார்.

ஏ.ஈ.கே.யின் கதைக்கு இது நேர் எதிர். அங்கே சனம் பெயரைத் தூக்கிக்கொண்டு போனது. இங்கே சனத்தில் பாதி போய்விட, பெயர் இருந்த இடத்திலேயே நின்றுவிட்டது. முரளிதரன் இந்தக் கழகத்துக்குத்தான் ஆடினார். ஆனால் இன்றைய அணிப் பட்டியலைப் பார்த்தால் பெரும்பாலும் சிங்களப் பெயர்கள். முதலில் எனக்கு அது உறுத்தியது, மறைக்கவில்லை. பிறகு யோசித்தேன்: 'தமிழ்' என்று எழுதிய தொப்பியைப் போட்டுக்கொண்டு ஒரு சிங்களப் பொடியன் சதம் அடிப்பதில் எனக்கு என்ன நட்டம்?

ஒவ்வொரு கோடையிலும் எங்கட வட்ஸ்அப் குழுவில் வரும் சண்டை உங்களுக்கும் தெரிந்திருக்கும்: பிள்ளையைத் தமிழ் அணியில் சேர்ப்பதா, உள்ளூர்க் கிளப்பில் சேர்ப்பதா? நான் உள்ளூர்ப் பக்கம். அதில் மாற்றமில்லை. ஆனால் அந்தக் கிரேக்கப் பிள்ளையும் எங்கள் உள்ளூர் அணியில்தான் ஆடுகிறான், தாத்தாவின் ஜேர்சியோடு. நான்தான் என் மகனுக்கு "இல்லை" என்று சொல்லி அனுப்பினேன்.

ஞாயிறு பின்னேரம் அவனை உட்கார்த்திச் சொன்னேன். சதாசிவத்தில் பெரிய அக்கறை இல்லை. பிராட்மன் யாரென்று தெரியாது. ஆனால் 20 யார் ஆடுகளம் அவனைப் பிடித்துக்கொண்டது. மேசை லாச்சியிலிருந்து அளவு நாடாவை எடுத்துக்கொண்டு பார்க்குக்கு இழுத்துப் போனான். 18 மீட்டர் 29 சென்டிமீட்டர். ஒரு பக்கம் என் சப்பாத்து, மறுபக்கம் அவனுடைய பை. வீடியோ அழைப்பில் அப்பா, "கிட்டவா நிக்கிறாய், தள்ளி நில்லடா" என்று கத்திக்கொண்டிருந்தார்.