ஸ்பூனும் வேணும், ஸ்ட்ராவும் வேணும்! வீட்டிலேயே கெட்டியான குக்கீ ஐஸ்கிரீம் மில்க் ஷேக்

லீவு நாள் சாயங்காலம். "கடையில குடிச்சோமே, அந்த பிஸ்கட் மில்க் ஷேக்... அது வேணும்" என்று பிள்ளைகள் ஆரம்பித்துவிடுவார்கள். அம்மாவும் 'இதென்ன பெரிய வித்தையா?' என்று ஒரு பாக்கெட் சாக்லேட் க்ரீம் பிஸ்கட், ரெண்டு கரண்டி ஐஸ்கிரீம், ரெண்டு டம்ளர் பால், கை நிறைய ஐஸ்கட்டி எல்லாவற்றையும் மிக்ஸியில் போட்டு இரண்டு நிமிஷம் ஓட்டுவார். கிடைப்பது என்னவோ சாம்பல் நிறத்தில் தண்ணீராக ஒரு பால்! "கடையில மாதிரி இல்லைம்மா" என்ற ஒரு வார்த்தையில் அத்தனை உழைப்பும் போச்சு.

பொருளில் குறையில்லை. அளவிலும் வரிசையிலும் நேரத்திலும்தான் கோளாறு. அதைச் சரிசெய்துவிட்டால் ஸ்பூனால் எடுத்துச் சாப்பிடும் அளவுக்குக் கெட்டியான ஷேக், பத்தே நிமிடத்தில் வீட்டிலேயே தயார். அதோடு, அதை யாருக்கு எவ்வளவு கொடுக்கலாம் என்பதையும் சேர்த்தே தெரிந்துகொள்வது நல்லது.

மருந்துக் கடையில் பிறந்த ருசி

மில்க் ஷேக் என்ற பெயர் 1880-களில் அமெரிக்காவில் புழக்கத்துக்கு வந்தபோது, அது பெரியவர்களுக்கான பானமாக இருந்தது. முட்டையும் விஸ்கியும் சேர்த்துக் குலுக்கிக் கொடுத்தார்கள்! இன்றைய வடிவம் கிடைத்தது 1922-ல். சிகாகோவில் வால்கிரீன்ஸ் மருந்துக் கடையின் சோடா கவுன்டரில் வேலை பார்த்த ஐவர் கூல்சன் என்பவர், மால்ட் கலந்த பாலில் வெனிலா ஐஸ்கிரீமைச் சேர்த்தார். அந்த ருசி ஊரெங்கும் பரவியது.

நடுவில் வெள்ளைக் க்ரீம் வைத்த கறுப்பு சாக்லேட் பிஸ்கட்டுக்கும் வயது நூறைத் தாண்டிவிட்டது. 1908-ல் ஹைட்ராக்ஸ், அதைப் பின்தொடர்ந்து 1912-ல் ஓரியோ. இந்தியக் கடைகளுக்கு ஓரியோ வந்தது 2011-ல்தான். ஐஸ்கிரீமில் பிஸ்கட்டையும் சாக்லேட்டையும் நொறுக்கிக் கலந்து, கப்பைத் தலைகீழாகக் கவிழ்த்து 'கீழே கொட்டாது பார்' என்று காட்டும் பழக்கத்தை அமெரிக்காவின் டெய்ரி குவீன் கடைகள் பிரபலமாக்கின. 1985-ல் அறிமுகமான அந்த அயிட்டத்துக்குப் பெயர் 'ப்ளிஸார்ட்', அதாவது பனிப்புயல்.

நம் ஊருக்கு இதெல்லாம் ரொம்பப் புதிது என்றும் சொல்லிவிட முடியாது. காய்ச்சிய பால், கடற்பாசி, நன்னாரி, மேலே ஒரு கரண்டி ஐஸ்கிரீம் என்று மதுரைக்காரர்கள் ஜிகர்தண்டாவைக் குடிக்கிறார்களா, சாப்பிடுகிறார்களா என்று யாரால் சொல்ல முடியும்?

கெட்டித்தன்மை எங்கிருந்து வருகிறது?

ஐஸ்கிரீமுக்குள் இருப்பவை முக்கியமாக மூன்று: நுண்ணிய பனித்துகள், கொழுப்பு, காற்று. இந்த மூன்றும் கலையாமல் இருக்கும்வரைதான் ஷேக் கெட்டியாக இருக்கும். மிக்ஸி ஓட ஓட, பிளேடின் உராய்வினால் சூடு ஏறும், பனித்துகள் உருகும், காற்று வெளியேறும். இரண்டு நிமிஷம் ஓட்டினால் தண்ணீராவதற்குக் காரணம் இதுதான்.

பிஸ்கட்டும் ஒரு வேலை செய்கிறது. அதிலுள்ள மாவு பாலை உறிஞ்சி ஊறும். எனவே அரைத்தவுடன் கொஞ்சம் தளர்வாகத் தெரியும் ஷேக், மூன்று நிமிடத்தில் தானாகவே இறுகும். அவசரப்பட்டுக் கூடுதலாக நான்கு பிஸ்கட் போட்டுவிட்டால் கூழ்போல ஆகிவிடும்.

ஐஸ்கட்டி? கூடவே கூடாது. அது உருகினால் தண்ணீர்தானே! குளிர்ச்சி போதவில்லை என்றால், காய்ச்சி ஆறிய பாலை ஐஸ் ட்ரேயில் ஊற்றி உறையவைத்து அந்தப் பால் கட்டிகளைச் சேர்க்கலாம்.

தேவையான பொருட்கள் (2 கிளாஸ் அல்லது 4 காபி டம்ளர்)

வெனிலா ஐஸ்கிரீம் – 4 பெரிய ஸ்கூப் (சுமார் 300 மி.லி.)
காய்ச்சி ஆறவைத்து, ஃப்ரிட்ஜில் நன்றாகக் குளிரவைத்த பால் – 120 மி.லி.
க்ரீம் வைத்த சாக்லேட் பிஸ்கட் – 8
உப்பு – ஒரு சிட்டிகை

சர்க்கரை எங்கே என்று தேட வேண்டாம். ஐஸ்கிரீமிலும் பிஸ்கட்டிலும் இருப்பதே தாராளம். உப்பு எதற்கு என்றால், ஒரு சிட்டிகை சேரும்போது சாக்லேட்டின் சுவை தூக்கலாகத் தெரியும்.

செய்முறை

1. பரிமாறப்போகும் டம்ளர்களை 20 நிமிடம் ஃப்ரீசரில் வையுங்கள். எவர்சில்வர் டம்ளர் என்றால் சீக்கிரம் குளிர்ந்துவிடும்.

2. மிக்ஸி ஜாரை முகர்ந்து பாருங்கள். காலையில் பூண்டுச் சட்னி அரைத்த ஜார் என்றால் அந்த வாசனை அப்படியே ஷேக்கில் ஏறிவிடும். மூடியிலுள்ள ரப்பர் வாஷரில்தான் வாசனை ஒளிந்திருக்கும். அதைக் கழற்றிக் கழுவி, வெந்நீரில் எலுமிச்சைச் சாறு விட்டு ஜாரை ஒருமுறை ஓட்டிக் கொட்டுங்கள். பிறகு துடைத்து, ஃப்ரிட்ஜில் கொஞ்ச நேரம் வையுங்கள்.

3. ஃப்ரீசரிலிருந்து எடுத்த ஐஸ்கிரீமை நான்கைந்து நிமிடம் வெளியே வையுங்கள். கல்போல இருக்கும்போது போட்டால் பிளேடு சுற்றாது. சுற்றவில்லையே என்று பாலை மேலும் மேலும் ஊற்றுவோம். அங்கேதான் காரியம் கெடும்.

4. இரண்டு பிஸ்கட்டைக் கையால் கொரகொரப்பாக நொறுக்கித் தனியே வையுங்கள். மீதி ஆறையும் இரண்டு மூன்று துண்டாக உடையுங்கள்.

5. ஜாரில் முதலில் பால், அடுத்து உப்பு, உடைத்த பிஸ்கட், கடைசியாக ஐஸ்கிரீம். திரவம் பிளேடுக்குப் பக்கத்தில் இருந்தால்தான் சுழல் உண்டாகி மேலே உள்ளதைக் கீழே இழுக்கும்.

6. மிக்ஸியின் திருகை இடப்பக்கம் திருப்பி, விட்டுவிட்டு ஓட்டுங்கள். ஒரு முறைக்கு மூன்று விநாடி, மொத்தம் ஐந்தாறு முறை போதும். நடுவில் சுவிட்சை அணைத்துவிட்டு, கரண்டியால் ஒருமுறை தள்ளிவிடுங்கள். பிஸ்கட் மாவாகிவிடக் கூடாது. சின்னச் சின்னத் துணுக்குகள் தெரிய வேண்டும். அதைக் கடிக்கத்தான் பிள்ளைகள் கேட்கிறார்கள்!

7. ஒரு ஸ்பூன் எடுத்துச் சாயுங்கள். வழிந்து ஓடாமல், மெதுவாகத் தயங்கி விழுந்தால் பதம் சரி. உடனே டம்ளரில் ஊற்றி, நொறுக்கி வைத்த பிஸ்கட்டைத் தூவிக் கொடுங்கள்.

சொதப்பினால் சரிசெய்யலாம்

*தண்ணீராகிவிட்டதா?* மறுபடி ஓட்டாதீர்கள். ஒரு ஸ்கூப் ஐஸ்கிரீமைப் போட்டுக் கரண்டியாலேயே கலக்குங்கள். ஐஸ்கிரீம் தீர்ந்துவிட்டது என்றால் ஜாரோடு ஃப்ரீசரில் கால் மணி நேரம் வையுங்கள்.

*ரொம்ப இறுகிவிட்டதா?* ஒரு டேபிள்ஸ்பூன் பால் விட்டுக் கலந்து பாருங்கள். போதவில்லை என்றால் இன்னொன்று. கிளாஸோடு கவிழ்க்காதீர்கள்.

*மிக்ஸி திடீரென்று நின்றுவிட்டதா?* பதற வேண்டாம். சுமை தாங்காமல் மோட்டார் தன்னைத்தானே நிறுத்திக்கொண்டிருக்கும். பிளக்கைப் பிடுங்கி, கொஞ்ச நேரம் ஆறவிட்டு, அடிப்பக்கத்தில் இருக்கும் சின்னப் பொத்தானை அழுத்தினால் பெரும்பாலும் மீண்டும் ஓடும்.

டப்பாவைத் திருப்பிப் பாருங்கள்

கடையில் பக்கத்துப் பக்கத்து ஃப்ரீசரில், ஒரே மாதிரி டப்பாவில் இருப்பவை எல்லாம் ஐஸ்கிரீம் அல்ல. சிலவற்றில் 'ஃப்ரோசன் டெசர்ட்' என்று எழுதியிருக்கும். அதில் பால் கொழுப்புக்குப் பதிலாகத் தாவர எண்ணெய் அல்லது தாவரக் கொழுப்பு சேர்த்திருப்பார்கள். இந்திய உணவுப் பாதுகாப்பு விதிகளின்படி, சாதாரண ஐஸ்கிரீம் என்றால் குறைந்தது 10 சதவிகிதம் பால் கொழுப்பு இருக்க வேண்டும். இரண்டிலும் ஷேக் செய்யலாம். ஆனால், எதற்குக் காசு கொடுக்கிறோம் என்று தெரிந்து கொடுப்பது நல்லதல்லவா?

எடையையும் பாருங்கள். ஐஸ்கிரீமை மில்லி லிட்டர் கணக்கில் விற்பதால், உள்ளே காற்று எவ்வளவு என்பது கண்ணுக்குத் தெரியாது. ஒரு லிட்டர் ஐஸ்கிரீம் குறைந்தது 525 கிராம் இருக்க வேண்டும் என்பது விதி. அதாவது, லிட்டர் டப்பாவில் கிட்டத்தட்டப் பாதி காற்றாக இருக்கலாம்! ஒரே அளவுள்ள இரண்டு டப்பாக்களில் கிராம் அதிகம் உள்ளதை எடுத்தால் ஷேக் கெட்டியாக வரும்.

கரண்ட் கட்டில் ஐஸ்கிரீம் உருகிவிட்டால் மறுபடி உறையவைத்து அதில் ஷேக் போடும் பழக்கம் வேண்டாம். உருகிய நேரத்தில் கிருமிகள் பெருகியிருக்கலாம். உறையவைப்பதால் அவை சாகாது. கடைக்குப் போகும்போதும் மற்ற சாமான்களை எல்லாம் வாங்கிவிட்டு, ஐஸ்கிரீமைக் கடைசியாக எடுங்கள். செய்தித்தாளில் நாலு சுற்றுச் சுற்றிக் கொண்டுவந்தால் வீடு வரை தாங்கும்.

'பால்தானே' என்று நினைக்கலாமா?

இங்கேதான் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். "பாலே குடிக்க மாட்டேங்குறான், இப்படியாவது உள்ளே போகட்டும்" என்று தினமும் ஷேக் போட்டுக் கொடுக்கும் வீடுகள் உண்டு. மேலே சொன்ன அளவில் ஒரு முழு கிளாஸுக்குப் போகும் பால் வெறும் 60 மி.லி. ஐஸ்கிரீமில் கொஞ்சம் பால் சத்து உண்டுதான். ஆனால் சர்க்கரையின் கணக்கைப் பாருங்கள்.

ஒரு பிஸ்கட் சுமார் 10 கிராம். பாக்கெட்டில் 100 கிராமுக்கு 38 கிராம் சர்க்கரை என்று போட்டிருந்தால், ஒரு கிளாஸுக்கான நான்கு பிஸ்கட்டில் 15 கிராம். கிளாஸுக்கு 85 கிராம் ஐஸ்கிரீம் என்று வைத்து, அதில் 100 கிராமுக்கு 15 கிராம் சர்க்கரை என்றால் 13 கிராம். மொத்தம் 28 கிராம். ஆறு டீஸ்பூனுக்குக் குறையாது! ஒரு நாளைக்கு 2,000 கலோரி சாப்பிடும் பெரியவருக்கு இப்படிச் சேர்க்கும் சர்க்கரை 50 கிராமுக்குள் இருக்க வேண்டும், 25 கிராமுக்குள் இருந்தால் இன்னும் நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். பிள்ளைகளுக்கு அதைவிடக் குறைவு. ஒரே கிளாஸில் அந்த நாளின் கணக்கு முடிந்துவிடுகிறது. உங்கள் வீட்டு பிஸ்கட், ஐஸ்கிரீமின் லேபிளில் உள்ள எண்ணைப் போட்டு நீங்களே கணக்குப் பாருங்கள்.

அதற்காகச் செய்யவே கூடாது என்றில்லை. பாலைப் பாலாகக் கொடுக்க வேறு வழி பாருங்கள். இதை அல்வா, ஜாங்கிரி வரிசையில் வையுங்கள். தினமும் ஜாங்கிரி கொடுப்போமா?

இன்னும் சில விஷயங்கள்:

* இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குச் சர்க்கரை சேர்த்த எதுவும் வேண்டாம் என்பதே குழந்தை நல மருத்துவர்கள் சொல்வது. இதுவும் அதில் அடக்கம்.

* வீட்டில் சர்க்கரை நோயுள்ள தாத்தா, பாட்டி இருந்தால் 'ஒரு வாய்தானே' என்று வற்புறுத்த வேண்டாம். மருத்துவர் சொன்ன உணவு முறைதான் அவர்களுக்குக் கணக்கு.

* வேகமாக உறிஞ்சினால் நெற்றியில் சுரீர் என்று வலிக்கும். மேலண்ணத்தில் திடீர்க் குளிர் பட்டு ரத்தக் குழாய்கள் சுருங்கி விரிவதால் வருவது இது. நாக்கை மேலண்ணத்தில் அழுத்திப் பிடித்தால் சற்று நேரத்தில் போய்விடும்.

* 'ஐஸ்கிரீம் சாப்பிட்டால் சளி பிடிக்கும்' என்ற பயம் வேண்டாம். சளிக்குக் காரணம் வைரஸ். ஏற்கெனவே தொண்டை வலி இருப்பவர்களுக்குக் குளிர்ச்சி எரிச்சல் தரலாம்.

இனிப்பைக் குறைத்தும் செய்யலாம்

நன்றாகக் கனிந்த வாழைப்பழத்தைத் தோலுரித்து, வில்லைகளாக நறுக்கி, நான்கு மணி நேரம் ஃப்ரீசரில் வையுங்கள். ஐஸ்கிரீம் நான்கு ஸ்கூப்புக்குப் பதில் இரண்டு, மீதிக்கு இந்தப் பழம், பிஸ்கட் எட்டுக்குப் பதில் நாலு. உறைந்த வாழைப்பழம் அரைபடும்போது ஐஸ்கிரீம் போலவே வழவழப்பாக வரும். கெட்டித்தன்மையும் குறையாது.

பெரியவர்களுக்கு என்றால், ஆறிய ஃபில்டர் காபி டிகாஷன் ஒரு டீஸ்பூன் விட்டுப் பாருங்கள். லேசான கசப்பு சேர்ந்து, சாக்லேட்டுக்கு ஒரு தனிச் சுவை வந்துவிடும்.

கடைசியாக, ரொம்ப எளிய யோசனை ஒன்று. உயரமான கண்ணாடி கிளாஸ்களை அலமாரியிலேயே விட்டுவிட்டு, காபி டம்ளரை எடுங்கள். இரண்டு கிளாஸ் ஷேக், நான்கு டம்ளராகும். ஆளுக்கு 14 கிராம் சர்க்கரைதான். டம்ளர் சின்னதாக இருப்பதால் தளும்பத் தளும்ப நிற்கும். மேலே பிஸ்கட் தூளும் கோபுரமாக இருக்கும். 'குறைத்துக் கொடுத்தாங்க' என்று யாருக்கும் தோன்றாது. உருகுவதற்குள் காலியாகியும்விடும். நாலு பேரும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட்டோம் என்ற திருப்தி, கடையில் தனித்தனியாக வாங்கிக் குடிக்கும்போது கிடைக்காது!