குளிசையைக் கூட்டுவதா, இன்னொன்றைச் சேர்ப்பதா?

போன வருடம், கொலஸ்ட்ரோலுக்கு நான் போடும் ஸ்டற்றின் குளிசையான அற்றோவஸ்டற்றின் 20 மில்லிகிராமிலிருந்து 40 ஆனது. மூன்றாம் கிழமை தொடங்கியது தொடை உளைவு. மண்முனைப் பாலத்தில் சைக்கிள் ஓடித் திரிந்த நான், கிணற்றடிக்குப் போகவே நிலையைப் பிடித்து நடந்தேன். யாரிடமும் சொல்லாமல் குளிசையை நிறுத்தினேன். அது பிழை. ஆனால் படுவான்கரையில் என் வயதுப் பெண்கள் பலர் இதைத்தான் செய்கிறார்கள். கிளினிக் கொப்பியில் அது ஏறுவதில்லை.

அடுத்தமுறை பார்த்த இளம் டொக்டர், "ரீச்சர், 20ஐயே போடுங்கோ, கூட எசெற்றிமைப் 10 சேர்ப்பம்" என்றார். ஸ்டற்றினை இரட்டித்தால் கெட்ட கொலஸ்ட்ரோல் மேலதிகமாகக் குறைவது ஏறத்தாழ 6 வீதம்தான். ஈரலில் வேலை செய்யும் அதனோடு, குடலில் கொலஸ்ட்ரோல் உறிஞ்சப்படுவதைத் தடுக்கும் எசெற்றிமைப் சேர்ந்தால் இன்னும் 20 வீதமளவு இறங்கும்.

விஞ்ஞானம் படிப்பித்த எனக்கே அன்றுதான் இன்னொன்றும் விளங்கியது. கொலஸ்ட்ரோல் சரக்கு, எல்டிஎல் துணிக்கை அதை ஏற்றிவரும் தோணி. நாடிச் சுவருக்குள் புகுவது தோணிதான். நீரிழிவுக்காரரிடம் சிறிய, அடர்ந்த துணிக்கைகள் மலிந்திருக்கும். சரக்கின் கணக்கு நல்லதாகத் தெரிந்தாலும் தோணிகள் கூடவாக இருக்கலாம். இந்த இரண்டு மருந்தும் தோணிகளையே குறைக்கின்றன.

தென்கொரியாவில் 3,780 நோயாளிகளை மூன்று வருடம் பார்த்த ஆய்வு 2022இல் வெளிவந்தது. றொசுவஸ்டற்றின் 10உடன் எசெற்றிமைப் எடுத்தவர்களுக்கும், றொசுவஸ்டற்றின் 20 மட்டும் எடுத்தவர்களுக்கும் மாரடைப்பு, பக்கவாதம் போன்ற பாதிப்புகள் ஏறக்குறைய ஒரே அளவு: 9.1, 9.9 வீதம். ஒத்துக்கொள்ளாமல் மருந்தை விட்டவர்கள், குறைத்தவர்கள் முதற்குழுவில் 4.8 வீதம், மற்றதில் 8.2. எனக்கு இந்தக் கடைசிக் கணக்குத்தான் பெரிது. போடாத குளிசை எந்த நாடியையும் காக்காது.

இரண்டு குளிசை என்றால் எதுவும் நல்லது என்று நான் சொல்லவில்லை. 5,518 நீரிழிவு நோயாளிகளிடம் ஸ்டற்றினோடு பெனோபைபிறேற் சேர்த்துப் பார்த்த 2010ஆம் ஆண்டு ஆய்வில் இரத்தக் கொழுப்பின் கணக்கு அழகானது. மாரடைப்பு குறிப்பிடும்படி குறையவில்லை.

எசெற்றிமைப்புக்கோ மாரடைப்பையும் குறைக்கும் என்ற சான்று இருக்கிறது. ஸ்டற்றினைக் கூட்ட முடியாதவர்களுக்காவது அரச கிளினிக்கில் அதை இலவசமாகக் கொடுக்க வேண்டும். எனக்கு இலவசமாகக் கிடைப்பது ஒன்று. மற்றதைப் பென்சன் காசில் பாமசியில் வாங்குகிறேன். அன்று என் பின்னால் நின்ற இறால் விற்கும் தங்கச்சிக்கும் அதே துண்டை எழுதிக் கொடுத்தார்கள். ஒரு காட் என்ன விலை என்று என்னிடம் கேட்டாள். சொன்னேன். துண்டைக் கொப்பிக்குள் மடித்து வைத்துவிட்டு பஸ்ஸுக்கு நடந்தாள்.