எரிச்சல்பட்ட மாணவிக்கு எத்தனை மதிப்பெண்?

பதினோராம் வகுப்புப் பொதுத் தேர்வு போனது நல்லதா, கெட்டதா என்று 2025 ஆகஸ்ட் 8-ல் மாநிலக் கல்விக் கொள்கை வெளியான நாளிலிருந்து பேசித் தீர்த்துவிட்டோம். நீட், ஜேஇஇ என்று ஓடும் பள்ளிகள் பதினோராம் வகுப்புப் பாடத்தை மறுபடியும் மூட்டை கட்டிவிடும் என்றார்கள் ஒரு தரப்பினர். 2017-ல் இந்தத் தேர்வைக் கொண்டுவந்ததே அதைத் தடுக்கத்தானே என்று நினைவூட்டினார்கள். மூன்று வருடம் அடுத்தடுத்துப் பொதுத் தேர்வு என்ற சுமையில் ஒன்று குறைந்தது என்றார்கள் மறு தரப்பினர். இயற்பியல் என்னவாகும், கணக்கு என்னவாகும் என்று கவலைப்பட்ட அத்தனை பேரில் ஒருவர்கூட, தமிழ்ப் பாடம் என்னவாகும் என்று கேட்டது என் காதில் விழவில்லை. தெரிந்த தமிழாசிரியர் ஒருவரிடம் நானே கேட்டேன். “என்ன ஆகப்போகுது சார்? அதே கேள்வி, அதே கீ. பேப்பர் மட்டும் நம்ம ஸ்கூல்லயே திருத்துவோம்” என்றார். எரிச்சல் அங்கேதான் தொடங்கியது.

பாடநூலைக் குறை சொல்ல நான் வரவில்லை. துணைப்பாடம் என்ற பெயரில் நீதிக் கதைகளை மென்று வளர்ந்த தலைமுறைக்கு 2018, 2019-ல் வந்த புதிய தமிழ்ப் பாடநூல்களைப் பார்த்தால் பொறாமைதான் வரும். பத்தாம் வகுப்பில் கி. ராஜநாராயணனின் ‘கோபல்லபுரத்து மக்கள்’, ப. சிங்காரத்தின் ‘புயலிலே ஒரு தோணி’, சா. கந்தசாமியின் ‘பாய்ச்சல்’, கு. அழகிரிசாமியின் ‘ஒருவன் இருக்கிறான்’. பதினொன்றில் சி.சு. செல்லப்பாவின் ‘வாடிவாசல்’, ஜெயமோகனின் ‘யானை டாக்டர்’. ஒவ்வொரு இயலின் முடிவிலும் ‘அறிவை விரிவு செய்’ என்று மேலும் படிக்க வேண்டிய நூல்களின் பட்டியல் வேறு. படிக்கக் கொடுத்தது சரி, படித்த பிறகு கேட்கும் கேள்விதான் பாழ்.

‘ஒருவன் இருக்கிறான்’ கதையை எடுத்துக்கொள்வோம். உடம்பு சரியில்லாத குப்புசாமி, பக்கத்து வீட்டில் வந்து தங்குகிறான். அவனைப் பார்த்த மாத்திரத்தில் கதைசொல்லிக்குப் பிடிக்காமல் போகிறது. ஊரிலிருந்து வீரப்பன் என்கிற ஏழை நண்பன் ஒரு கடிதமும் மூன்று ரூபாயும் கொடுத்து அனுப்புகிறான். நாதியற்றவன் என்று நினைத்தவனுக்கும் ஒருவன் இருக்கிறான் என்று தெரிந்ததும் கதைசொல்லி கூனிக் குறுகுகிறான். எந்தக் கையேட்டைப் புரட்டினாலும் விடை ஒன்றுதான்: வீரப்பனின் மனிதநேயம், அதற்கு முன்னும் பின்னும் ஒரு குறள்.

சில வருடங்களுக்கு முன் ஓர் அரசுப் பள்ளியின் அரையாண்டு விடைத்தாள் கட்டைப் பார்க்க நேர்ந்தது. நாற்பதுக்கு மேற்பட்ட தாள்கள். எல்லாவற்றிலும் வீரப்பன், எல்லாவற்றிலும் அதே உட்தலைப்புகள். ஒரே ஒரு பெண் மட்டும் வேறு மாதிரி எழுதியிருந்தாள். பெரியாஸ்பத்திரியில் வைத்தியம் பார்க்க அவளுடைய மாமா வந்து அவர்கள் வீட்டில் தங்கியிருந்தாராம். இருப்பது ஒரே அறை. அவர் இருமும்போதெல்லாம் இவளுக்குப் படிப்பு ஓடவில்லை, எப்போது போவார் என்றிருந்தது. ஊருக்குப் போனவர் திரும்பி வரவில்லை. கதைசொல்லியின் எரிச்சல் தனக்குப் புரிகிறது, வீரப்பனைவிட அவனைத்தான் தன்னால் மறக்க முடியவில்லை என்று முடித்திருந்தாள். எட்டுக்கு மூன்று மதிப்பெண். ஓரத்தில் சிவப்பு மையில், ‘கதையை ஒட்டி எழுதவும்’. அந்தக் கட்டில் கதையை ஒட்டி எழுதியவள் அவள் ஒருத்திதான். தன்னுடைய சின்னத்தனத்தைத் தானே பார்த்து வெட்கப்படும் ஒருவனைப் பற்றிய கதையில், வெட்கப்பட்டவள் தோற்றாள். வீரப்பனைப் புகழ்ந்தவர்கள் எட்டுக்கு ஏழு வாங்கினார்கள்.

இதைச் செய்த ஆசிரியரைத் திட்டிப் பயனில்லை. அவருடைய கையில் விடைக்குறிப்பு இருந்தது. அதில் மாமா இல்லை.

‘நயம் பாராட்டுக’ என்ற கேள்வியைத் தமிழ் படித்த எல்லோரும் எழுதியிருப்போம். ஒரு கவிதையைக் கொடுத்து, இதில் உனக்கு எது பிடித்தது என்று கேட்க வேண்டிய இடம் அது. நாம் எழுதியது என்ன? திரண்ட கருத்து, மோனை, எதுகை, இயைபு, முரண், அணி, சந்தம், முடிவுரை. ‘காட்டுக்கு யானை, பாட்டுக்கு மோனை’ என்று தொடங்கினால் பாதி மதிப்பெண் நிச்சயம். கவிதை பிடிக்கவில்லை என்று எழுத அங்கே இடமில்லை. ‘பாராட்டுக’ என்பது உத்தரவு. பத்தாம் வகுப்பில் ‘காட்சியைக் கண்டு கவினுற எழுதுக’ என்று ஐந்து மதிப்பெண் கேள்வி ஒன்று உண்டு. படத்தைப் பார்த்துச் சொந்தமாக எழுத வேண்டும். அதற்கும் மனப்பாடக் கவிதைகள் இருக்கின்றன. மரம், மழை, தாய், உழவர் எது வந்தாலும் ஒரு சொல்லை மாற்றிப் பொருத்திக்கொள்ளலாம். சொந்த மனதில் பட்டதை மனப்பாடம் செய்து எழுதுகிற வித்தையைப் பதினைந்து வயதில் கற்றுக்கொடுத்துவிட்டு, இளைஞர்கள் புத்தகம் படிப்பதில்லை என்று புத்தகக் காட்சி மேடைகளில் அழுகிறோம்.

ஆசிரியர்களாவது தப்பித்தார்களா? தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம் 2014-ல் பி.எட். படிப்பை இரண்டு வருடமாக்கியபோது, நூல்களைப் படித்து அவற்றைப் பற்றிச் சொந்தமாகச் சிந்தித்து எழுதுவதற்கென்றே ஒரு தாளைச் சேர்த்தது. நல்ல யோசனைதான். அந்த ரெக்கார்டு நோட்டு சீனியரிடமிருந்து ஜூனியருக்கு எப்படிக் கைமாறுகிறது என்பது பி.எட். முடித்த யாருக்கும் தெரியும். அடுத்தவருடைய மனதில் பட்டதைப் பார்த்து எழுதிப் பட்டம் வாங்கியவர், மாணவியின் மனதில் பட்டதை எப்படித் திருத்துவார்?

விடைக்குறிப்பை எடுத்துவிட்டுப் போட்டி வைக்கலாம், பரிசு கொடுக்கலாம், மதிப்புரை எழுதும் பிள்ளைகளை மாவட்ட அளவில், மாநில அளவில் தேர்ந்தெடுக்கலாம் என்று ஒரு தரப்பு சொல்லும். அவர்களைத்தான் நான் ஜப்பானுக்கு அனுப்ப விரும்புகிறேன்.

ஜப்பானில் கோடை விடுமுறை என்றாலே ‘தோக்குஷோ கான்சோபுன்’ உண்டு. படித்த புத்தகம் பற்றிச் சொந்த மனப்பதிவை எழுதி, பள்ளி திறந்ததும் கொடுக்க வேண்டும். நானூறு கட்டம் போட்ட தாள், கட்டத்துக்கு ஓர் எழுத்து. இதற்கென்று 1955 முதல் தேசியப் போட்டி ஒன்று நடக்கிறது; நடத்துவது அங்குள்ள பள்ளி நூலகச் சங்கமும் மைனிச்சி நாளிதழும். தொடக்கப் பள்ளிச் சின்ன வகுப்புகளுக்கு 800 எழுத்துக்குள், மேல்நிலைப் பிள்ளைகளுக்கு 2,000 எழுத்துக்குள். ஏற்பாட்டாளர்கள் குறித்துக் கொடுக்கும் நூல்களுக்குத் தனிப் பிரிவு, தானே தேர்ந்தெடுத்துப் படிப்பதற்குத் தனிப் பிரிவு. நூலகச் சங்கமே நடத்துகிறது, விடைக்குறிப்பு கிடையாது, பிடித்த நூலையும் எடுத்துக்கொள்ளலாம். நம் சீர்திருத்தவாதிகள் கனவு காணும் ஏற்பாடு இதுதான்.

விளைவு என்ன? எப்படித் தொடங்குவது, நடுவில் சொந்த அனுபவத்தை எங்கே செருகுவது, இந்தப் புத்தகத்தால் நான் எப்படி மாறினேன் என்று எப்படி முடிப்பது என்று வாய்பாடு சொல்லித்தரும் கையேடுகள் வந்தன. எழுதி முடித்த மனப்பதிவுகள் இணையச் சந்தையில் விலைக்கு வந்தன. 2018 ஆகஸ்டில் அந்த நாட்டுக் கல்வி அமைச்சகம் மெர்காரி, ராகுடென், யாஹூ நிறுவனங்களோடு பேசி, செய்து முடித்த வீட்டுப்பாடங்களின் விற்பனையைத் தடுக்க வேண்டியிருந்தது. ஒரு புத்தகம் தனக்கு என்ன செய்தது என்பதைப் பிள்ளை கடையில் வாங்குகிறது, அரசாங்கம் தலையிட்டுக் கடையை மூடுகிறது! அதோடு முடியவில்லை. 2023 ஜூலையில் செயற்கை நுண்ணறிவு பற்றி அதே அமைச்சகம் பள்ளிகளுக்கு வழிகாட்டுதல் வெளியிட்டபோது, இயந்திரம் எழுதியதைத் தன்னுடையதாகப் போட்டிக்கு அனுப்பக் கூடாது என்று சொல்ல வேண்டியிருந்தது. உலகமே மெச்சும் ஒழுங்குள்ள சமூகத்தில், எழுபது ஆண்டு அனுபவமுள்ள ஏற்பாட்டின் கதி இது. அங்கே பரிசு செய்த வேலையைத்தான் இங்கே விடைக்குறிப்பு செய்கிறது. மனப்பதிவுக்கு விலை வைத்தால் அது சரக்காகும். விலை மதிப்பெண்ணா, பரிசா என்பதில் பெரிய வித்தியாசம் இல்லை.

இதையெல்லாம் சொன்னால் இரண்டு மறுப்புகள் வரும். ஏறத்தாழ எட்டு லட்சம் பேர் எழுதும் தேர்வில் விடைக்குறிப்பு இல்லாமல் எப்படித் திருத்துவது என்பது ஒன்று. பொதுத் தேர்வே போய்விட்ட பிறகு இந்தக் கேள்விக்கு உயிரில்லை; பதினோராம் வகுப்பு ஆசிரியர் தன் வகுப்பில் உள்ள ஐம்பது பிள்ளைகளைத்தான் படிக்கப்போகிறார். மற்றது, மாணவரை அவர் போக்கில் விட்டால் உளறுவார் என்பது. உளறட்டுமே! திறனாய்வாளர் ஐ.ஏ. ரிச்சர்ட்ஸ் கேம்பிரிட்ஜில் பதின்மூன்று கவிதைகளை, எழுதியவர் பெயரை மறைத்து, மாணவர்களுக்குக் கொடுத்து மனதில் பட்டதை எழுதச் சொன்னார். எழுதிக் குவித்தார்கள். புகழ்பெற்ற கவிஞரைத் தூற்றினார்கள், சாதாரணத்தைத் தூக்கிப் பிடித்தார்கள், நேர்ப் பொருளையே கோட்டை விட்டார்கள். அவர் மதிப்பெண்ணைக் குறைத்துவிட்டுப் போகவில்லை. அந்த எழுத்துகளையே சான்றாக அடுக்கி, வாசிப்பு எங்கெங்கே சறுக்குகிறது என்று ஆராய்ந்து 1929-ல் ‘பிராக்டிக்கல் கிரிட்டிசிஸம்’ நூலாக்கினார். இலக்கியம் கற்பிக்கும் முறையையே அது மாற்றியது. உளறலை எழுதவிட்டதால்தான் அவருக்கு அது தெரிந்தது. நம்முடைய விடைத்தாளில் உளறலே கிடையாது. பிள்ளை கதையைப் புரிந்துகொண்டதா என்பதும் நமக்குத் தெரியாது.

கேம்பிரிட்ஜ் தூரம் என்பவர்களுக்குத் திருநெல்வேலி இருக்கிறது. ரசிகமணி டி.கே.சி. தன் வீட்டு வட்டத்தொட்டியில் கம்பனைப் படித்தது மோனை, எதுகைக்குக் கோடு போட்டு அல்ல. தன் ரசனைக்கு ஒத்துவராத பாடலைக் கம்பன் எழுதியிருக்கவே முடியாது என்று தள்ளும் அளவுக்கு அவர் போனார், பண்டிதர்கள் கொதித்தார்கள். போகட்டும். பண்டிதர்கள் கொதிக்கும் அளவுக்கு ஒரு மாணவர் வகுப்பில் பேசினால் அன்றைக்குத் தமிழ் வகுப்பு நடந்தது என்று அர்த்தம்.

2023-ல் பள்ளிக் கல்வித் துறை தொடங்கிய வாசிப்பு இயக்கத்தில் ‘நுழை, நட, ஓடு, பற’ என்று பிரித்து, சின்னச் சின்னப் புத்தகங்களைப் பிள்ளைகள் கையில் கொடுத்தார்கள். தேர்வு இல்லாமல் புத்தகம் கொடுக்கலாம் என்பது அரசுக்குத் தெரியாததல்ல. சின்னப் பிள்ளைக்குத் தரும் சுதந்திரத்தைப் பதினாறு வயதுக்குத் தரக் கை வரவில்லை, அவ்வளவுதான்.

நான் கேட்பது சின்ன விஷயம். பதினோராம் வகுப்புத் தமிழில் இந்தக் கதைகள் வரும் துணைப்பாடப் பகுதியைக் காலாண்டு, அரையாண்டு, ஆண்டுத் தேர்வு மூன்றிலிருந்தும் எடுத்துவிட வேண்டும். அகமதிப்பீட்டுக்கான பத்து மதிப்பெண்ணிலும் அதைச் சேர்க்கக் கூடாது. கதைக்கு ஒரு பக்கம் மாணவர் எழுதட்டும். பிடிக்கவில்லை என்றால் எந்த வரியில் பிடிக்காமல் போனது என்று எழுதட்டும். ஆசிரியர் எண் போடாமல் பதிலுக்கு இரண்டு வரி எழுதட்டும். எழுதாத பிள்ளையை விட்டுவிடலாம். மதிப்பெண் இல்லாவிட்டால் யாரும் படிக்க மாட்டார்கள் என்பவர்கள், மதிப்பெண் இருந்தபோது யார் படித்தார்கள் என்று சொல்லட்டும். ஏழு கோடிப் பேருக்கு மேல் வாழும் மாநிலத்தில் ஒரு நல்ல நாவல் சில நூறு பிரதிகளோடு நின்றுவிடுவதற்குத் தொலைக்காட்சியும் கைபேசியும் மட்டும் காரணமல்ல, இந்த விடைக்குறிப்புக்கும் அதில் பங்கு உண்டு என்று நினைக்கிறேன்.

மாநிலக் கல்வியியல் ஆராய்ச்சி மற்றும் பயிற்சி நிறுவனம் ஒரு சுற்றறிக்கையில் இதைச் செய்யலாம். அது வரும்வரை தமிழாசிரியர்கள் கைகட்டி நிற்க வேண்டியதில்லை. ‘வாடிவாசல்’ நடத்தும் வாரத்தில் ஒரு பாடவேளையை ஒதுக்கி, கையேட்டைப் பைக்குள் வைக்கச் சொல்லி, நீ மாடு பிடிக்க வந்த பிச்சி பக்கமா, காளை காரி பக்கமா என்று மட்டும் கேளுங்கள். வரும் பதில்களைத் திருத்தாதீர்கள்.